மாடிப்படி செக்கப்: உங்க வீட்டுப் படியும் கைப்பிடியும் பாதுகாப்பா இருக்கா?

பைக்குக்கு அடுத்த சர்வீஸ் எப்போன்னு நமக்குத் தெரியும். போனுக்கு அப்டேட் வந்தா அதுவே ஞாபகப்படுத்தும். ஆனா, வீட்டு மாடிப்படியைக் கடைசியா எப்போ உட்கார்ந்து பார்த்தோம்? பெரும்பாலான வீடுகளில் பதில், 'வீடு கட்டினப்போ' என்பதுதான். வாடகை வீடு என்றால் அதுவும் கிடையாது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, எதிர்பாராத காயங்களால் நேரும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடத்தில் இருப்பது கீழே விழுதல். ஆண்டுக்கு சுமார் 6,84,000 பேர் இப்படி இறக்கிறார்கள். இதில் அதிகம் பாதிக்கப்படுவது 60 வயதைத் தாண்டியவர்கள். எல்லாமே படிக்கட்டில் நடப்பதல்ல; ஆனால், வீட்டுக்குள் விழ வாய்ப்புள்ள இடங்களைப் பட்டியல் போட்டால் பாத்ரூமோடு சேர்ந்து முதலில் வருவது படிக்கட்டுதான். இருபது வயதில் இரண்டு படி தவறினால் முட்டி சிராய்க்கும். எழுபது வயதுப் பாட்டி அதே இரண்டு படி தவறினால் இடுப்பெலும்பு முறியலாம். அதுக்கப்புறம் ஆபரேஷன், வாக்கர், மாசக்கணக்கில் படுக்கை என்று ஒரு குடும்பத்தின் அன்றாடமே மாறிவிடும்.

நல்ல செய்தி என்னன்னா, படிக்கட்டில் இருக்கும் குறைகளில் பெரும்பாலானவை கண்ணுக்குத் தெரிபவை, கைக்குப் புரிபவை. அவற்றைக் கண்டுபிடிக்க இன்ஜினீயர் வேண்டாம். ஒரு டேப், போன் டார்ச், ஒரு ஏ.டி.எம் கார்டு, ஒரு நோட்டு, அரை மணி நேரம் போதும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பிச்சுடலாம்!

1. முதலில் அளவு: எல்லாப் படியும் ஒரே உயரமா?

படியில் நாம் கால் வைக்கும் தட்டையான பாகத்தை மேஸ்திரிகள் 'ட்ரெட்' என்பார்கள். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே நிற்கும் உயரம் 'ரைசர்'. இந்தியாவின் தேசிய கட்டட விதித்தொகுப்பு, குடியிருப்பு வீடுகளுக்கு ட்ரெட் குறைந்தது 25 செ.மீ., ரைசர் அதிகபட்சம் 19 செ.மீ. என்று சொல்கிறது. டேப்பை எடுத்து உங்க வீட்டுப் படியை அளந்து பாருங்க.

ட்ரெட் ஏன் முக்கியம்? எட்டாம் நம்பர் செருப்பு போடுபவரின் பாதம் கிட்டத்தட்ட 26 செ.மீ. இருக்கும். படி 20 செ.மீ. மட்டும்தான் என்றால், இறங்கும்போது பாதத்தின் முன்பகுதி காற்றில்தான் நிற்கும். அதனால்தான் குறுகலான படியில் நாம் அறியாமலேயே பாதத்தைத் திருப்பி, பக்கவாட்டில் வைத்து இறங்குகிறோம். உங்க வீட்டில் பெரியவர்கள் அப்படி இறங்கினால், பிரச்னை அவங்க முட்டியில் மட்டும் இல்லை, படியிலும் இருக்கலாம்.

இன்னொரு எளிய கணக்கும் உண்டு. 17-ம் நூற்றாண்டு பிரெஞ்சு கட்டடக் கலைஞர் பிளோண்டெல் சொன்னது இது: இரண்டு ரைசரையும் ஒரு ட்ரெட்டையும் கூட்டினால் மனிதனின் ஒரு எட்டு அளவுக்கு வர வேண்டும். இன்றைய புழக்கத்தில் அது சுமார் 60 முதல் 65 செ.மீ. உதாரணமாக ரைசர் 17.5, ட்ரெட் 27 என்றால் 62. நடக்கச் சுகமான படி. கூட்டுத்தொகை 70-ஐத் தாண்டினாலோ 55-க்குக் கீழே போனாலோ அந்தப் படி காலைத் தடுமாற வைக்கும்.

ஆனால், இந்த எல்லாவற்றையும்விட முக்கியம், படிகள் *ஒன்றுக்கொன்று சமமாக* இருப்பது. முதல் இரண்டு மூன்று படி ஏறியதும் கால் அந்த உயரத்தைப் பழகிக்கொள்ளும். அப்புறம் நாம் படியைப் பார்ப்பதே இல்லை. பாதம் படியின் விளிம்பை ரொம்பக் கொஞ்ச இடைவெளியில்தான் தாண்டுகிறது. நடுவில் ஒரு படி மட்டும் ஒன்றரை, இரண்டு செ.மீ. உயரமாக இருந்தால் அங்கேதான் விரல் இடிக்கும். அமெரிக்க வீட்டு விதிகளில், ஒரு படி வரிசைக்குள் அனுமதிக்கப்படும் அதிகபட்ச வித்தியாசமே ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு.

நம்ம ஊரில் இந்த வித்தியாசம் வழக்கமாக எங்கே ஒளிந்திருக்கும்?

* முதல் படியில்: படியை கான்கிரீட்டில் போட்ட பிறகு தரைக்கு டைல்ஸோ கிரானைட்டோ ஒட்டுவார்கள். தரை உயர்ந்துவிடும், முதல் படி மட்டும் குள்ளமாகிவிடும்.
* கடைசிப் படியில்: மாடித் தரைக்கு டைல்ஸ் போட்டு, படிகளுக்குப் போடாமல் விட்டால் மேலே இருக்கும் கடைசிப் படி மட்டும் உயரமாகிவிடும்.
* வாசல் படியில்: தெருவில் ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் ரோடு உயர்கிறது. வாசலின் முதல் படி பாதி புதைந்து போன வீடுகள் சென்னையில் தெருவுக்கு நாலு இருக்கும்.
* 'லாபம், நஷ்டம்' கணக்கில்: படிகளை 'லாபம், நஷ்டம்' என்று எண்ணி, லாபத்தில் முடிய வேண்டும் என்பது நம்மூர் வழக்கம். தப்பே இல்லை. ஆனால், ஒற்றைப்படை வருவதற்காகக் கடைசியில் ஒரு குட்டிப் படியைச் செருகக் கூடாது. தளத்துக்குத் தளம் 10 அடி, அதாவது சுமார் 305 செ.மீ. என்றால், 17 ஆகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 17.9 செ.மீ. வரும். லாபமும் ஆச்சு, படியும் சமமாச்சு!

எல்லா ரைசரையும் அளந்து நோட்டில் வரிசையாக எழுதுங்க. வித்தியாசமான படி எது என்று உடனே தெரிந்துவிடும். அதை இடித்துக் கட்ட முடியாத நிலை என்றால், அந்தப் படியின் விளிம்பில் மட்டும் பளிச்சென்று ஒரு மஞ்சள் கோடு அடித்துவிடுங்க. கால் மறந்தாலும் கண் எச்சரிக்கும்.

2. கால் வைக்கும் இடம்: வழுக்குமா, இடறுமா?

பாலிஷ் போட்ட கிரானைட் பார்க்க செம லுக். ஈரமானால் அதே கிரானைட் ஐஸ் மாதிரி. பழைய வீடுகளின் ரெட் ஆக்ஸைடு படிகளும் வருடக்கணக்கில் தேய்ந்து கண்ணாடி போல வழவழப்பாகிவிடும். கிரானைட் ஒட்டும்போதே விளிம்பில் இரண்டு மூன்று கோடுகள் வெட்டுவது இதற்குத்தான். அந்தக் கோடுகளில் அழுக்கு அடைத்திருக்கிறதா, தேய்ந்து மறைந்துவிட்டதா என்று விரலால் தடவிப் பாருங்க. கோடே இல்லையென்றால் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் 'ஆன்டி ஸ்கிட் டேப்' வாங்கி, விளிம்பை ஒட்டி முழு அகலத்துக்கும் ஒட்டலாம். ஒட்டுவதற்கு முன் படியைச் சுத்தமாகத் துடைத்து, நன்றாகக் காய விட வேண்டும். ஓரம் பெயர்ந்து தொங்கும் டேப், டேப் இல்லாததைவிட ஆபத்து. அது இடறிவிடும்.

அடுத்து, ஒவ்வொரு படியின் விளிம்பையும் பாருங்க. சிமென்ட் உடைந்திருக்கிறதா? டைல்ஸைக் கையால் தட்டும்போது 'டொக் டொக்' என்று வெற்றுச் சத்தம் வருகிறதா? அப்படி வந்தால் அடியில் ஒட்டு விட்டுப்போயிருக்கிறது. ஒருநாள் மிதிக்கும்போது அந்தத் துண்டு காலோடு வந்துவிடும்.

வெளிப்பக்கப் படி என்றால் வில்லன் பாசி. மழை நின்ற பிறகும் ஒரு படி மட்டும் எப்போதும் ஈரமாக இருந்தால் தலையைத் தூக்கிப் பாருங்க. மேலே ஓவர்ஹெட் டேங்க் வழிகிறதா, ஏ.சி-யின் தண்ணீர்க் குழாய் அங்கே சொட்டுகிறதா என்று தெரியும். அந்தக் குழாயைத் திருப்பிவிடாமல் பாசியை எத்தனை முறை தேய்த்தாலும் திரும்ப வரும்.

பாசியை எடுக்க பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, கொஞ்ச நேரம் விட்டு, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவலாம். இரண்டு எச்சரிக்கை. ஒன்று, பிளீச்சிங் பவுடரோடு தரை கழுவும் ஆசிட்டைச் சேர்க்கவே கூடாது. நச்சு வாயுவான குளோரின் வெளியாகும். இரண்டு, இரண்டுமே ஸ்டீல் கைப்பிடியை அரிக்கும். அதன் அடிப்பாகத்தில் பட்டால் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்க.

3. கைப்பிடி: பிடித்தால் தாங்குமா?

கைப்பிடி அழகுக்கு இல்லை. கால் தவறும் அந்த ஒரு விநாடியில் உடம்பின் முழு எடையையும் தாங்குவதற்கு. அதனால் மூன்று சோதனை.

பிடி சோதனை: கைப்பிடியைச் சுற்றி விரல்களை மடக்கிப் பிடியுங்க. கட்டை விரலும் மற்ற விரல்களும் கிட்டத்தட்ட சந்திக்க வேண்டும். ஒன்றரை இன்ச், இரண்டு இன்ச் உருண்டைப் பைப் இதற்குச் சரியாக இருக்கும். நிறைய வீடுகளில் கைப்பிடிக்குப் பதிலாக ஆறு இன்ச் அகலச் சுவர் கட்டி, மேலே கிரானைட் பதித்திருப்பார்கள். அதன் மேல் கையை வைக்கலாமே தவிர, விழும்போது பிடிக்க முடியாது. அந்த வீடுகளில் எதிர்ப்பக்கச் சுவரில் ஒரு பைப் கைப்பிடி சேர்ப்பது நல்லது. சுவருக்கும் பைப்புக்கும் நடுவே நாலு செ.மீ-யாவது இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் விரல் நுழையாது.

உயர சோதனை: படியின் நடுவில் இருந்து கைப்பிடியின் மேல் விளிம்பு வரை அளந்தால் 90 செ.மீ. முதல் 1 மீட்டர் வரை இருக்க வேண்டும். லேண்டிங், பால்கனி, மொட்டைமாடிச் சுவர் போன்ற இடங்களில் 1 மீட்டருக்குக் குறையவே கூடாது. இங்கேயும் டைல்ஸ் விளையாடும். மொட்டைமாடிக்குப் புதிதாகக் கூலிங் டைல்ஸ் போட்டால் தரை உயரும்; சுவர் உயராது. வீடு கட்டும்போது இருந்த பாதுகாப்பான உயரம் இப்போது இல்லாமல் இருக்கலாம்.

ஆட்டும் சோதனை: படியின் உள்பக்கம், சுவர் ஓரமாகக் கால்களை ஊன்றி நில்லுங்க. உள்ளங்கையால் கைப்பிடியை வெளியே தள்ளி, பிறகு உள்ளே இழுங்க. உடம்பைச் சாய்த்துச் சோதிக்க வேண்டாம்; சோதனையே விபத்தாகிவிடக் கூடாது. கண்ணுக்குத் தெரிகிற அளவு ஆடினால், எங்கிருந்து ஆடுகிறது என்று பாருங்க. கம்பியா, வெல்டிங்கா, அடியில் தரையோடு சேரும் இடமா?

பெரும்பாலும் குற்றவாளி அடிப்பாகம்தான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கைப்பிடிகளில் ஒவ்வொரு காலின் அடியிலும் பளபளவென்று ஒரு மூடி இருக்கும். பல வீடுகளில் அதை மேலே தூக்கிப் பார்க்கலாம் என்பதே யாருக்கும் தெரியாது. தூக்கிப் பாருங்க. உள்ளே ஒரு தகடும் அதைத் தரையோடு பிடித்திருக்கும் போல்ட்களும் இருக்கும். நாலு போல்ட் போட வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருக்கிறதா, போல்ட் துருப்பிடித்துவிட்டதா, சுற்றி சிமென்ட் பெயர்ந்திருக்கிறதா என்பதெல்லாம் அந்த மூடிக்கு அடியில்தான் தெரியும். சில இடங்களில் போல்ட்டே இல்லாமல், டைல்ஸில் ஓட்டை போட்டு வெள்ளை சிமென்ட் வைத்து அடைத்திருப்பார்கள். அது கைப்பிடி இல்லை, அலங்காரம்.

இரும்பா, ஸ்டீலா? சாதாரண இரும்புக் கம்பி என்றால் பெயின்ட் உப்பியிருக்கும் இடத்தை ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டிப் பாருங்க. மேலோட்டமான துரு என்றால் தேய்த்து, ரெட் ஆக்ஸைடு பிரைமர் அடித்து, பெயின்ட் அடித்தால் போதும். ஸ்க்ரூ டிரைவர் உள்ளே இறங்கினாலோ, தகடு தகடாக உதிர்ந்தாலோ வெல்டர்தான் வர வேண்டும்.

ஸ்டீல் என்றால் துருவே பிடிக்காது என்பது நம்பிக்கைதான். சந்தையில் '202', '304' என்று இரண்டு ரகம் அதிகம் புழங்குகிறது. 202-ல் நிக்கல் குறைவு, விலையும் குறைவு. சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் உப்புக் காற்றில் அது சீக்கிரம் பழுப்புக் கறை பிடிக்கும். அங்கே 304, கடலுக்கு ரொம்பப் பக்கம் என்றால் 316 நல்லது. 'காந்தம் ஒட்டலைன்னா 304' என்று கடையில் சொன்னால் நம்பாதீங்க. 202-லும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. ரகத்தைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்க.

4. கம்பிகளுக்கு நடுவே: ஏ.டி.எம் கார்டு டெஸ்ட்

வீட்டில் குட்டீஸ் இருந்தால் இதை மிஸ் பண்ணவே கூடாது. கைப்பிடிக் கம்பிகளுக்கு இடையே 10 செ.மீ-க்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது என்பது பல நாடுகளின் விதி. காரணம், சின்னக் குழந்தையின் உடம்பு நுழையக்கூடிய சந்தில் தலை மாட்டிக்கொள்ளலாம். இடைவெளி இன்னும் பெரிதானால் குழந்தை அப்படியே வெளியே போய்விடும்.

டேப் கையில் இல்லையா? ஏ.டி.எம் கார்டின் நீளம் சுமார் 8.5 செ.மீ. கார்டை நீளவாக்கில் கம்பிகளுக்கு நடுவே வையுங்க. அதோடு ஒரு விரல் நுழைந்தால் ஏறத்தாழ 10 செ.மீ. இரண்டு விரல் தாராளமாக நுழைந்தால் இடைவெளி அதிகம்.

கம்பிகள் படுக்கை வசத்தில் இருந்தால் இன்னொரு தலைவலி. இப்போதைய டிசைன்களில் நாலைந்து பைப்களை மேலும் கீழுமாகப் படுக்க வைப்பதுதான் ஃபேஷன். குழந்தைக்கு அது ஏணி! இருக்கும் கைப்பிடியை உடனே மாற்ற முடியாது என்றால், உள்பக்கமாக அக்ரிலிக் ஷீட் அல்லது கெட்டியான வலையை நன்றாக இறுக்கிக் கட்டலாம். வெறும் துணியோ, கோணிப்பையோ கட்டினால் பாதுகாப்பு இருப்பது போல ஒரு தோற்றம்தான் கிடைக்கும்.

தவழும் குழந்தைக்காகக் கேட் வாங்குபவர்களுக்கு: சுவர்களுக்கு நடுவே அழுத்தி நிற்கும் வகைக் கேட்டைப் படியின் கீழ்ப்பக்கம் மட்டும் வையுங்க. மேல்பக்கத்துக்குச் சுவரில் ஸ்க்ரூ அடித்துப் பொருத்தும் வகைதான் வேண்டும். அழுத்தி நிற்கும் கேட் மேலே கழன்றால், குழந்தையும் கேட்டும் சேர்ந்தே கீழே வரும்.

5. வெளிச்சம்: இரவு பத்து மணிக்கு ஒரு ரவுண்டு

பகலில் பார்த்த அதே படியை இரவில் ஒருமுறை பாருங்க. லைட் போட்டுக்கொண்டு இறங்கும்போது உங்க நிழலே அடுத்த படியை மறைக்கிறதா? அப்படியென்றால் லைட் உங்க முதுகுப் பக்கம் மட்டும் இருக்கிறது. லேண்டிங்கில் இன்னொரு எல்.இ.டி போட வேண்டும்.

ஸ்விட்ச் கீழே மட்டும் இருந்தால், மேலே இருந்து இறங்குபவர் இருட்டில்தான் இறங்குவார். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று 'டூ வே ஸ்விட்ச்' போடுவது எலெக்ட்ரீஷியனுக்குச் சின்ன வேலை. வயரிங்கை உடைக்க விருப்பம் இல்லையென்றால், ஆள் வந்தால் தானாக எரியும் சென்ஸார் லைட் கிடைக்கிறது. கரன்ட் போனால் எரியும் ரீசார்ஜபிள் பல்பை மாட்ட வேண்டிய முதல் இடமும் படிக்கட்டுதான்.

வெள்ளை டைல்ஸ் மேல் வெள்ளை டைல்ஸ் என்று ஒரே கலரில் படிகள் இருந்தால், மேலிருந்து பார்க்கும்போது எது விளிம்பு என்றே தெரியாது. பைஃபோக்கல் கண்ணாடி போடும் பெரியவர்களுக்கு இது இரட்டைச் சிரமம். கீழ்ப்பாதி லென்ஸ் படிப்பதற்கானது. அது வழியாகக் குனிந்து பார்த்தால் படி மங்கலாகத் தெரியும். விளிம்பில் வேறு கலர் பட்டை ஒட்டுவது அவங்களுக்குப் பெரிய உதவி.

6. படிக்கு அடியில் பார்த்தீங்களா?

படியின் மேலே கோலம் போடுவோம், அடிப்பக்கத்தைப் பார்க்க மாட்டோம். டார்ச் அடித்துப் பாருங்க. பழுப்புக் கறை, கம்பி ஓடும் திசையிலேயே நீளமாக விரிசல், உப்பி நிற்கும் பூச்சு, வெளியே எட்டிப் பார்க்கும் கம்பி ஆகியவை உள்ளே இரும்பு துருப்பிடித்திருப்பதன் அடையாளங்கள். துருப்பிடித்த கம்பி பருத்து, கான்கிரீட்டை உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது. அதன் மேல் புதிதாகச் சிமென்ட் பூசுவது புண்ணுக்கு மேல் பவுடர் போடுவது மாதிரி. துரு உள்ளே வேலை பார்த்துக்கொண்டே இருக்கும். இதை சிவில் இன்ஜினீயர் ஒருவர் வந்து பார்க்கட்டும். அதுவரை அதற்கு நேர் கீழே யாரும் உட்காரவோ, தூங்கவோ வேண்டாம்.

படிக்கு அடியில் இருக்கும் இடத்தை நாம் சும்மா விடுவதில்லை. ஷூ ரேக், இன்வெர்ட்டர், பழைய பேப்பர், காலி சிலிண்டர் எல்லாம் அங்கேதான். இப்போது புதிதாக எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் சார்ஜிங்கும் சேர்ந்திருக்கிறது. யோசித்துப் பாருங்க, தீப்பிடித்தால் மாடியில் இருப்பவர்கள் தப்பிக்க இருக்கும் ஒரே வழி அந்தப் படிதான். எரியக்கூடியதையும் பேட்டரி சார்ஜிங்கையும் அங்கிருந்து மாற்றுங்க. அப்பார்ட்மென்ட் லேண்டிங்கில் நிற்கும் சைக்கிளும் பூந்தொட்டியும்கூட இதே கணக்குதான். புகையில் கண் தெரியாமல் ஓடும்போது அவை எல்லாம் தடைக்கல்.

இன்னொரு விஷயம் கரன்ட். தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கலுக்கு சீரியல் செட்டை இரும்புக் கைப்பிடியில் சுற்றிக் கட்டுகிறோம். வயரில் ஒரு இடம் உரிந்தால் மொத்தக் கைப்பிடியிலும் கரன்ட் பாயலாம். கைப்பிடியைத் தொடும்போது லேசாக 'ஜிவ்வு' என்று இருந்தால் திரும்பத் தொட்டுப் பார்க்காதீங்க. மெயினை ஆஃப் செய்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க.

7. பழக்கங்கள்: படி நல்லா இருந்தாலும்…

* இரண்டு கையிலும் பொருள் வேண்டாம். துணி வாளியோ, 20 லிட்டர் வாட்டர் கேனோ, ஒரு கை எப்போதும் கைப்பிடிக்கு.
* நைட்டி, வேட்டி, பாவாடை எதுவானாலும் இறங்கும்போது விளிம்பு காலுக்கு அடியில் வராமல் தூக்கிப் பிடியுங்க.
* சாக்ஸ் மட்டும் போட்டுக்கொண்டு டைல்ஸ் படியில் நடக்க வேண்டாம். வெறுங்கால் அதைவிட நல்லது.
* துடைத்த படி காயும் வரை வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்க.
* ரீல்ஸ் ரெண்டு நிமிஷம் வெயிட் பண்ணும். போனைப் பையில் போட்டுவிட்டு இறங்குங்க.

வாடகை வீடா? இப்படிக் கேளுங்க

'ஓனர்கிட்ட சொன்னா வாடகையை ஏத்திடுவாரோ' என்ற தயக்கம் புரிகிறது. ஆனால், தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டம், வாடகைதாரர் ஏற்படுத்திய சேதம் தவிர்த்து, கட்டடக் கட்டமைப்பு சார்ந்த பழுதுகளைச் சரிசெய்யும் பொறுப்பு வீட்டு உரிமையாளருடையது என்கிறது. சண்டை போட வேண்டியதில்லை. போட்டோவோடு வாட்ஸ்அப்பில் மரியாதையாக ஒரு மெசேஜ் போதும். தேதியோடு பதிவும் ஆகிவிடும்.

'வணக்கம் அங்கிள். வெளி மாடிப்படி கைப்பிடி மூணாவது கம்பிகிட்ட அடியில துருப்பிடிச்சு ஆடுது. போட்டோவும் வீடியோவும் அனுப்பியிருக்கேன். கீழ் வீட்டுப் பசங்களும் அதைப் பிடிச்சுத்தான் ஏறி இறங்கறாங்க. இந்த வாரத்துக்குள்ள வெல்டரைக் கூப்பிட்டுப் பார்க்க முடியுமா? நான் வீட்ல இருந்து பார்த்துக்கறேன்.'

அப்பார்ட்மென்ட்டின் பொதுப் படி என்றால் இதே மெசேஜ் அசோசியேஷன் குரூப்புக்குப் போகட்டும்.

யாராவது விழுந்துட்டா?

பதறி உடனே கையைப் பிடித்துத் தூக்காதீங்க. முதலில் பேச்சுக் கொடுங்க. கழுத்து, முதுகு வலிக்கிறது என்றாலோ, காலை அசைக்க முடியவில்லை என்றாலோ அப்படியே படுக்க வைத்து 108-க்கு போன் செய்யுங்க. ஒரு கால் குட்டையானது போலவும் பாதம் வெளிப்பக்கம் திரும்பியும் இருந்தால் அது இடுப்பெலும்பு முறிவாக இருக்கலாம். எண்ணெய் போட்டு உருவிவிடுவது கூடவே கூடாது. தலையில் அடிபட்டு வாந்தி, தூக்கக் கலக்கம், குழறல் இருந்தால் உடனே மருத்துவமனை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால், தலையில் அடிபட்ட பிறகு நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் டாக்டரிடம் காட்டிவிடுங்க.

நோட்டில் எழுதியதை இப்படிப் பிரிங்க

இன்றைக்கே: படியில் இருக்கும் பொருள்களை அகற்றுவது, ஃபியூஸ் போன பல்பை மாற்றுவது, ஆடும் கைப்பிடியில் 'பிடிக்காதீர்கள்' என்று பேப்பர் ஒட்டி ஒரு சிவப்புத் துணி கட்டுவது, சார்ஜிங்கை இடம் மாற்றுவது.

இந்த வாரம்: வெல்டர், எலெக்ட்ரீஷியன் வேலைகள், ஆன்டி ஸ்கிட் டேப், விளிம்புக்குக் கலர், பாசி, சொட்டும் குழாய்.

இந்த மாதம்: கைப்பிடியே இல்லாத மொட்டைமாடிப் படிக்குக் கைப்பிடி, அடிப்பக்க விரிசலுக்கு இன்ஜினீயர். 'மேல் மாடி கட்டும்போது சேர்த்துப் போட்டுக்கலாம்' என்று கைப்பிடி இல்லாமல் பத்து வருடமாக நிற்கும் படிகள் ஏராளம். மேல் மாடி மெதுவாக வரட்டும். கைப்பிடி முதலில் வரட்டும்.

இந்தச் செக்கப்பை வருடத்துக்கு இரண்டு முறை செய்தால் போதும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு செப்டம்பரில் ஒன்று. மழை முடிந்து பொங்கலுக்கு வெள்ளையடிப்பதற்கு முன்பு ஒன்று. வெள்ளையடித்த *பிறகு* பார்க்காதீங்க. துருவையும் விரிசலையும் பெயின்ட் அழகாக மறைத்துவிடும். போனை எடுத்து, போகிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைக்கு 'மாடிப்படி' என்று ஒரு ரிமைண்டர் போட்டுடுங்க!